தோளில் வந்த சோறு

நாம் சிறுவராயிருந்த நாட்களில், மலேயாவிலிருந்து ஒருவர் ஊர் திரும்பினால் தெருவே அவர் வீட்டு வாசலில் திரண்டுவிடும். கப்பல் விட்டிறங்கி, இரயிலேறி, பின்னர் மாட்டுவண்டியில் வந்து சேர்ந்த அந்தத் தகரப் பெட்டி திறக்கப்பட்டவுடன் கோடாலித் தைலத்தின் வாசனை திண்ணை வரை வீசும். பிள்ளைகளுக்குப் பிஸ்கோத்து, பெரியவர்களுக்குத் தைலக்குப்பி, மைத்துனருக்குக் கட்டம் போட்ட கைலி என்று பங்கீடு நடக்கும். கேட்போர் கேள்வியோ பெரும்பாலும் ஒன்றே: "அங்கே எத்தனை வெள்ளி சம்பளம்?" இரப்பர் மரத்தைப் பற்றியும், கங்காணியைப் பற்றியும், அட்டைக்கடியைப் பற்றியும் பேச்சு வளரும். அங்கே நீ என்ன உண்டாய் என்று அவரை யாரும் கேட்டதாக நமக்கு நினைவில்லை. 1985-ஆம் ஆண்டு 'சிதம்பரம்' கப்பல் தீ விபத்துக்குள்ளாயிற்று. அதனோடு அந்தக் கடற்பயணமும் முடிவுற்றது. இன்று சென்னையிலிருந்து ஏறக்குறைய நான்கு மணி நேரத்தில் விமானம் அங்கே இறக்கிவிடுகிறது.

பினாங்கில் பணியாற்றும் குரு நண்பர் ஒருவர் நெடுநாளாக விடுத்துவந்த அழைப்பை ஏற்று, பன்னிரண்டு நாள் அங்கே சென்று வர நாம் புறப்பட்டபோது, நமது பங்கைச் சேர்ந்த தாய் ஒருவர் அறைவீட்டுக்கு வந்தார். "சாமி, எம் மகன் அங்கே சோத்துக்கடையில வேலையா இருக்கான். மூணு வருசமாச்சு. போன்ல பேசுறான், ஆனா முகத்தைப் பார்த்த மாதிரி இல்ல. ஒரு எட்டுப் பார்த்துட்டு வாங்க சாமி" என்றார். கடையின் முகவரி எழுதிய தாளொன்றை மடித்து நம் கையில் வைத்தார். ஆகவே வாசக அன்பர்களே, உல்லாசப் பயணமாகத் தொடங்கியது ஓரளவு தூதுப் பயணமாகவும் ஆயிற்று.

பினாங்கு ஒரு தீவு. கெடா சுல்தானின் ஆட்சியிலிருந்த அத்தீவில் 1786 ஆகஸ்டு 11-ஆம் நாள் பிரான்சிஸ் லைட் என்னும் ஆங்கிலேயர் கிழக்கிந்தியக் கம்பெனியின் பெயரால் கொடியேற்றினார். அவர் அமைத்த நகரமே ஜார்ஜ் டவுன். 2008-ஆம் ஆண்டில் மலாக்காவோடு சேர்த்து இந்நகரை யுனெஸ்கோ உலகப் பாரம்பரிய நகரமாக அறிவித்தது. கீழே கடை, மேலே குடியிருப்பு என அடுத்தடுத்து ஒட்டி நிற்கும் வீடுகளின் முன்னே, மழைக்கும் வெயிலுக்கும் ஒதுங்கிச் செல்லக் கூரையிட்ட நடைபாதை நீள்கிறது. ஐந்தடி அகலம் என்பதால் மலாய் மொழியில் அதற்குக் 'காக்கி லீமா', அதாவது ஐந்தடி, என்றே பெயர். அந்த ஐந்தடிக்குள் தையற்காரர், பூக்கட்டுவோர், சாவி செய்வோர், பலகாரம் விற்போர் அனைவரும் குடியேறிவிடுவதால், நடப்பவர்தாம் தெருவில் இறங்கி நடக்க வேண்டியிருக்கிறது!

சூலியா தெரு என்றொரு வீதி உண்டு. சோழமண்டலக் கரையிலிருந்து வந்த தமிழ் முஸ்லிம் வணிகரைச் 'சூலியா' என்று அக்காலத்தில் அழைத்தனர். நாகூர் ஆண்டவர் பெயரால் அமைந்த சிறு தர்கா அத்தெருவோரம் இன்றும் நிற்கிறது. அதை அடுத்துள்ள ஒரே சாலையிலும் அதன் பக்கத் தெருக்களிலுமாக, காதர் முகைதீன் என்னும் தமிழ் முஸ்லிம் தலைவர் 1801-இல் நிறுவிய பள்ளிவாசலும், 1833-இல் எழுந்த மாரியம்மன் கோவிலும், சீனரின் கருணைத் தேவதை ஆலயமும், 1818-இல் கட்டப்பட்ட ஆங்கிலிக்கன் தேவாலயமும் ஒன்றுக்கொன்று கூப்பிடு தூரத்தில் உள்ளன. வழிகாட்டிகள் இதனை 'நல்லிணக்கத் தெரு' என்று பெருமையாகக் காட்டுவர். பெருமைக்குரியதே. எனினும் 1969 மே 13-ஆம் நாள் கோலாலம்பூரில் மூண்ட இனக் கலவரத்தையும் அந்நாட்டு முதியோர் மறந்துவிடவில்லை. ஒரே தெருவில் வாழ்வது தானாக வரும் பேறன்று. நாள்தோறும் பார்த்துப் பார்த்துக் காக்க வேண்டிய ஒன்று என்று நண்பர் சொன்னார்.

நாம் தேடிச் சென்ற கடை, 'நாசி கண்டார்' விற்கும் கடை. 'நாசி' என்றால் சோறு. 'கண்டார்' என்றால் தோளில் காவும் தடி. துறைமுகத்தில் மூட்டை சுமந்த கூலிகளுக்காக, தடியின் ஒரு முனையில் சோற்றுப் பானையும் மறுமுனையில் குழம்புச் சட்டிகளும் தொங்கவிட்டுத் தெருத்தெருவாய்ச் சுமந்து சென்று தமிழ் முஸ்லிம்கள் விற்ற உணவு இது. மரத்தடியில் இறக்கி வைத்தால் அதுவே கடை. இன்று தடியில்லை, மின்விசிறி சுழலும் பெருங்கடைகள் ஆகிவிட்டன. பெயரில் மட்டும் தோள் இன்னும் சுமக்கிறது. 1907-ஆம் ஆண்டு முதல் நடந்துவருவதாகக் கூறும் ஹமீதியா கடை இன்றும் கேம்பல் தெருவில் இருக்கிறது.

கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் மீன் குழம்பு, கோழி, கணவாய், ஆட்டிறைச்சி, பருப்பு, வெண்டைக்காய், பொரித்த மீன்சினை என்று பதினைந்து இருபது பாத்திரங்கள் வரிசையாக நிற்கும. நாம் ஏதாவது ஒன்றைச் சுட்டினால், பரிமாறுபவர் அதை மட்டும் வைத்து நிறுத்திக்கொள்வதில்லை. இந்தச் சட்டியில் ஒரு கரண்டி, அடுத்ததில் ஒரு கரண்டி என்று குழம்புகளைக் கலந்து சோற்றின்மேல் ஊற்றிவிடுகிறார். 'பஞ்சிர்' என்று கேட்டால் இன்னும் அதிகம் கிடைக்கும். அச்சொல்லுக்கு வெள்ளம் என்று பொருள். மீன் குழம்பையும் கோழிக் குழம்பையும் கலப்பதை நம் வீட்டுப் பெண்கள் கண்டால் முகம் சுளிப்பார்கள். நாமும் முதலில் தயங்கினோம். ஆனால் அந்தக் கலவையில்தான் அதன் உயிர் இருக்கிறது. எந்தச் சட்டிக்கும் தனியே இல்லாத ஒரு சுவை தட்டில் பிறக்கிறது. சோம்பும் கறிவேப்பிலையும் நம்முடையவை என்று நாக்கு உடனே அடையாளம் கண்டுகொள்கிறது. இனிப்புச் சோயாவின் கருமை நம்முடையதன்று.

அந்தத் தாயின் மகன் பின்கட்டிலிருந்தான். இருபத்தாறு வயதிருக்கும். வெங்காய மூட்டைகளுக்கு நடுவே, சிவந்த கண்களோடு எழுந்து வந்து, ஈரக் கைகளைத் துடைத்துக்கொண்டு, "சர்வேசுரனுக்குத் தோத்திரம் சாமி" என்று பழைய முறையில் கும்பிட்டபோது நமக்குச் சற்றுத் தொண்டை அடைத்தது. வெங்காயம் வெட்டுவது, கோழி கழுவுவது, தட்டு துலக்குவது அவன் வேலை. விடியுமுன் தொடங்கும், முடிவு கூட்டத்தைப் பொறுத்தது. ஊரில் வட்டிக்கு வாங்கிய கடனைத் தரகருக்குக் கொடுத்து வந்தவன். கடன் தீர்ந்துவிட்டதாம், இனிச் சேர்ப்பது தங்கையின் கலியாணத்துக்கு. ஞாயிறுதான் கடையில் கூட்டம் மிகும் நாள். ஆதலால் திருப்பலிக்குச் செல்ல வாய்ப்பதில்லை. புக்கிட் மெர்தாஜாம் புனித அன்னம்மாள் திருவிழாவுக்கு மட்டும் ஆண்டுக்கு ஒரு நாள் கேட்டு வாங்கிக்கொள்கிறானாம். ஜூலை மாதத்தில் பல நாட்டுத் திருப்பயணிகள் குவியும் அத்திருத்தலத்தில், தமிழ்க் குரல்களைக் கேட்டபோது வேளாங்கண்ணியில் நிற்பதுபோல் இருந்ததாகச் சொன்னான்.

மறுநாள் காலை அவனே நம்மை ஒரு மூலைக் கடைக்கு அழைத்துப்போய் 'ரொட்டி சானாய்' வாங்கித் தந்தான். நம் பரோட்டாவுக்கு மிக நெருங்கிய உறவு. பிசைந்து எண்ணெயில் ஊறவைத்த மாவை வீசி வீசித் துணிபோல் விரித்து மடித்துச் சுடுகிறார்கள். தொட்டுக்கொள்ளப் பருப்புக் குழம்பு. 'சானாய்' என்பது சென்னையைக் குறிக்கும் என்பார் ஒரு சாரார். மாவைத் தட்டையாக்குதல் என்னும் மலாய்ச் சொல்லே அது என்பார் மறுசாரார். வழக்கு தீரும்வரை ரொட்டி ஆறிவிடும்! அதனோடு 'தே தாரிக்', அதாவது இழுத்த தேநீர். கெட்டிப்பால் கலந்த தேநீரை ஒரு குவளையிலிருந்து மறு குவளைக்கு ஒரு கை நீளத்துக்கு ஆற்றி நுரை எழுப்புவது. நம்மூர்த் தேநீர்க் கடையில் கண்டதுதான், ஆனால் அங்கே அதற்குப் போட்டிகளும் நடக்கின்றன. நாசி லெமாக், ரொட்டி சானாய், தே தாரிக் முதலியன அடங்கிய மலேசியக் காலையுணவுப் பண்பாட்டை, 2024 டிசம்பரில் யுனெஸ்கோ மனித குலத்தின் மரபுச் செல்வங்களுள் ஒன்றாகச் சேர்த்துக்கொண்டது. மலாய்க்காரர், சீனர், தமிழர் மூவரும் சமயக் கட்டுப்பாடின்றி ஒரே மேசையில் உண்ணக்கூடிய வேளை அங்கே காலைதான் போலும். நண்பகலில் அவரவர் விலக்குகள் அவரவரை வெவ்வேறு கடைகளுக்கு அனுப்பிவிடுகின்றன.

அத்தெருவிலேயே மிதிவண்டி மணியோசை கேட்டது. 'புத்து மாயாம்' விற்பவர். மூடியைத் திறந்தால் நம் இடியாப்பம்! துருவிய தேங்காயும் நாட்டுச் சர்க்கரையும் தூவித் தாளில் மடித்துக் கொடுக்கிறார். நம்மவர் கொண்டுபோன ஆப்பம் அங்கே 'அப்போம்' ஆகி நிற்கிறது. கடைக்கு 'கெடாய்', கப்பலுக்கு 'காப்பால்', கறிக்கு 'காரி' என்று மலாய் மொழியே நம் சொற்களைத் தன் வாய்க்கேற்ப மென்று விழுங்கியிருப்பதைக் கேட்டு நடப்பது ஒரு தனி இன்பம்.

சீனரின் 'கோப்பித்தியாம்' என்னும் காப்பிக்கடை வேறு வகையானது. கடைக்காரர் விற்பது பானம் மட்டுமே. உள்ளேயும் வாசலிலும் இடம் வாடகைக்கு எடுத்து, ஒவ்வொருவரும் ஒரே ஒரு பண்டம் சமைத்து விற்கிறார்கள். ஒருவர் நாற்பது ஆண்டு ஒரே பண்டத்தையே சமைத்தால் அது எப்படியிருக்கும் என்பதை அங்கேதான் அறிந்தோம். 'சார் குவே தியோ' என்பது பட்டையான அரிசிச் சேவையை இறால், மட்டிச்சதை, முளைகட்டிய பயறு, முட்டை, கருஞ்சோயாக் குழம்பு சேர்த்துக் கொழுந்துவிட்டெரியும் நெருப்பில் வறுப்பது. பன்றிக் கொழுப்பில் வறுப்பதே மூல வழக்கம். மீனவரும் மட்டி பொறுக்குவோரும் மாலையில் கூடுதல் காசுக்காக விற்றுவந்த ஏழைகளின் உணவு என்பர். ஒரு தட்டுக்கு ஒரு முறை வறுப்பு. பத்துப் பேர் காத்திருந்தாலும் பத்தையும் சேர்த்துப் போடமாட்டார்கள். சேர்த்தால் இரும்புச் சட்டியின் சூடு தணிந்து, சேவை கருகல் மணம் பெறாமல் வெந்து குழைந்துவிடும்.

நாம் உண்ட கடையில் வறுத்தவர் எழுபதைக் கடந்தவர். வலக்கை மணிக்கட்டில் துணி சுற்றியிருந்தார். சட்டியைத் தூக்கித் தூக்கி வந்த வலி. நண்பர் மொழிபெயர்க்க, உமக்குப் பின் யார் என்று கேட்டோம். பிள்ளைகள் படித்துச் சிங்கப்பூரிலும் ஆஸ்திரேலியாவிலும் இருக்கிறார்களாம். "இந்த நெருப்பில் நிற்க வேண்டாம் என்றுதானே படிக்க வைத்தேன்" என்றார். அதில் வருத்தம் இருந்ததா பெருமை இருந்ததா என்று நம்மால் பிரித்தறிய இயலவில்லை.

இது அவர் ஒருவரின் கதையன்று. மூத்தோர் கரண்டியைக் கீழே வைக்க, கூலிக்கு வந்த வெளிநாட்டார் அதை எடுக்க, சுவை மாறிவிட்டதென்ற முறையீடு எழுந்தது. பினாங்கு மாநில அரசு 2016 முதல் பதின்மூன்று வகைத் தெருவுணவுகளை வெளிநாட்டார் முதன்மைச் சமையற்காரராக நின்று சமைக்கலாகாது என்று விதித்தது. உதவியாளராய் இருக்கத் தடையில்லை. இவ்விதியின் நியாயம் நமக்குப் புரியாமலில்லை. ஆயினும் நாசி கண்டாரைத் தோளில் சுமந்து வந்தவரும், சேவை வறுக்கும் முதியவரின் பாட்டனாரும் ஒருநாள் அத்தீவுக்கு வெளிநாட்டாராய் வந்திறங்கியவர்கள் அல்லரோ? தாயின் பிள்ளை வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்த காட்சி நம் கண்முன் நின்றதால், இதில் நடுநின்று தீர்ப்புச் சொல்ல நாம் தகுதியற்றவர்.

வீடுகளின் கதியும் இதைப் போன்றதே. பழைய வீடுகளுக்கு வாடகை உயர்த்தலாகாது என்றிருந்த சட்டம் 1997-இல் நீக்கப்பட்டு, 2000-ஆம் ஆண்டு பிறந்ததும் வாடகை கட்டவிழ்ந்தது. தலைமுறை தலைமுறையாய் நகரின் நடுவே வாழ்ந்த எளிய குடும்பங்கள் பல வெளியேறின. பூட்டிய மாடிகளில் சிலர் உழவாரக் குருவிகளைக் குடியமர்த்திக் கூடு விற்றனர்; பின்னர் அரசு அவற்றைப் பாரம்பரிய எல்லைக்குள்ளிருந்து அகற்றியது. இன்று அவ்வீடுகள் வர்ணம் பூசி, விடுதிகளாகவும் காப்பி அருந்தகங்களாகவும் மின்னுகின்றன. சுவரோவியங்களின் முன்னே நின்று படமெடுப்போர் வரிசையில் நிற்கிறார்கள். சுவர்கள் பிழைத்தன, மாலையில் வாசற்படியில் அமர்ந்து பேச ஆளைத்தான் காணோம்.

அசாம் லக்சாவைச் சொல்லாமல் பினாங்கைவிட்டு அகலலாகாது. 'அசாம்' என்றால் புளிப்பு. நாம் கானாங்கெளுத்தி அல்லது அயிலை என்று வாங்கும் மீனை அவித்து உதிர்த்து, புளியும் உலர்ந்த புளிப்புக்காய்த் துண்டுகளும் இட்டுக் கொதிக்கவைத்த சாற்றில் தடித்த அரிசிச் சேவையைப் போட்டு, மேலே வெள்ளரி, அன்னாசி, புதினா, ஒருவகை இஞ்சிப் பூவின் மொட்டு எல்லாம் பொடியாய் அரிந்து தூவுகிறார்கள். கடைசியில் ஒரு கரண்டி கருப்பான இறால் கூழ். ஆயர் ஈத்தாம் சந்தையருகே இதை உண்டுவிட்டு, வியர்வை வழிய, குன்றின்மேலுள்ள கெக் லோக் சீ பௌத்த ஆலயத்துக்கு ஏறினோம். 1930-இல் முடிவுற்ற அதன் கோபுரம் அடியில் சீனப் பாணியிலும், நடுவில் சயாம் பாணியிலும், உச்சியில் பர்மியப் பாணியிலும் அமைந்தது. கீழே நாம் உண்ட கிண்ணத்துக்கும் மேலே நாம் கண்ட கோபுரத்துக்கும் ஒரே கொத்தனார்தான் போலும் என்று நண்பர் நகைத்தார்.

நம் திருச்சபை வரலாற்றிலும் பினாங்குக்கு ஓரிடமுண்டு. 1786 ஆகஸ்டில், கெடாவிலிருந்த யுரேசியக் கத்தோலிக்கர் சிலர் பிரெஞ்சு மறைபோதகர் கார்னோவோடு, விண்ணேற்பு அன்னை திருநாளையொட்டி இத்தீவில் வந்திறங்கினர். ஆகவே அவர்கள் எழுப்பிய ஆலயம் விண்ணேற்பு அன்னை பெயரைத் தாங்கியது. பொதுக் குருமடம் ஒன்றும் இங்கே உண்டு. 1665-இல் சயாமின் அயோத்தியா நகரில் தொடங்கி, போரால் துரத்தப்பட்டு, இடம்விட்டு இடம் பெயர்ந்து, 1808-இல் பினாங்கில் நிலைபெற்றது. இடையே 1770-இல் அக்குருமடம் அடைக்கலம் புகுந்த இடம் எது தெரியுமா? நம் புதுச்சேரிக்கு அருகே வீராம்பட்டினம்! சயாம், அன்னாம், சீனத்துக் குருமாணவர் நம் கடற்கரையில் இலத்தீன் படித்துக்கொண்டிருந்ததை நினைக்க வியப்பாயிருக்கிறது. அவர்களுக்கு நம் குழம்பு ஒத்துக்கொண்டதா என்பதை எந்த ஏடும் சொல்லவில்லை.

இனி இனிப்பு. பினாங்குச் சாலையை ஒட்டிய குறுகிய சந்தொன்றில் 1936 முதல் செண்டோல் விற்கும் கடையொன்று உண்டு. மக்கள் நின்றபடியே உண்கிறார்கள். அரிசி மாவில் பாண்டான் இலைச் சாற்றைக் கலந்து காய்ச்சி, துளைத் தட்டில் தேய்த்துக் குளிர்ந்த நீரில் விழச் செய்தால் பச்சைப் புழுக்கள் போல இழை இழையாய் இறங்கும். அந்த இலை நம் தாழையின் இனம். நம் தாழம்பூவில் மணம், அங்கே இலையில் மணம். அவ்விழைகளின்மேல் சீவிய பனிக்கட்டி, வேகவைத்த சிவப்புப் பயறு, தேங்காய்ப்பால், இவையனைத்துக்கும் மேலாகக் கரும்பழுப்பாய் வழியும் பாகு. பாகுதான் 'குலா மெலாகா', மலாக்கா வெல்லம். தென்னம்பாளையைச் சீவி இறக்கிய பதநீரைக் காய்ச்சி, மூங்கில் குழாயில் ஊற்றி ஆறவிட்டது. அதனால் உருளை வடிவம். நம்மூர்ச் சிரட்டைக் கருப்பட்டியின் உடன்பிறப்பு. வெயிலில் நடந்து வந்த எவருக்கும் முதல் கரண்டி வாயில் பட்டவுடன் கண் தானாக மூடும்.

பாபா–நோன்யா என்னும் சீன மலாய்க் கலப்புக் குடும்பங்களின் பலகாரங்கள் தனி உலகம். ஏடு ஏடாய் உரிக்கத்தக்க ஒன்பதடுக்குக் களி, கடித்தால் உள்ளிருந்து வெல்லப்பாகு சிதறும் உருண்டை, தேங்காய்ப்பால் கட்டிமேல் நீல நிறம் படர்ந்த பசையரிசி. அந்த நீலம் எதனால் என்று வினவினோம். சங்குப்பூவாம்! நம் வேலியில் பூத்து உதிரும் பூவை அங்கே உண்கிறார்கள். இவ்வளவும் சொன்ன நாம் ஒன்றையும் சொல்லியாக வேண்டும். 2019-இல் எடுத்த தேசியக் கணிப்பின்படி மலேசியாவில் வயதுவந்தோரில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு. 2023-இல் அது 15.6 ஆகக் குறைந்திருந்தது. இனிப்புப் பானங்களுக்கு 2019 முதல் வரியும் விதித்திருக்கிறார்கள். நமக்கும் அந்நோய் எட்டாண்டாக உண்டு. செண்டோலில் பாதியை நண்பருக்குத் தள்ளினோம். அவரும் மாத்திரைக்காரர் என்பது பின்னர்தான் தெரிந்தது.

டுரியான் பழத்தைப் பற்றி நம்மிடம் கேட்க வேண்டாம். முயன்றோம், முடியவில்லை.

கோலாலம்பூரில் பத்துமலையின் 272 படிகளைக் கண்டு, அவற்றில் பாதியே ஏறி, மலாக்கா சேர்ந்தோம். 1400-ஐ ஒட்டிப் பரமேசுவரன் என்னும் இளவரசர் நிறுவிய துறைமுகம் அது. பருவக்காற்றுக்காகப் பல நாட்டுக் கப்பல்களும் காத்துக்கிடந்த அந்நகரில் எண்பத்து நான்கு மொழிகள் பேசப்பட்டன என்று, பதினாறாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்கிருந்த தோமே பிரேசு என்னும் போர்த்துக்கீசியர் எழுதிவைத்தார். 1511-இல் போர்த்துக்கீசியர், 1641-இல் டச்சுக்காரர், 1824-இல் ஆங்கிலேயர் என்று ஆண்டவர் மாறினர். டச்சுக்காரர் 1753-இல் கட்டிமுடித்த செந்நிறத் தேவாலயத்தைப் படங்களில் அன்பர்கள் கண்டிருக்கலாம். தொடக்கத்தில் அது வெள்ளையாய் இருந்தது. கோழிக்குழம்புச் சாற்றில் வெந்த சோற்றைக் கைக்குள் அடங்கும் உருண்டையாய்ப் பிடித்து விற்பது இவ்வூர்ச் சீனரின் வழக்கம். தமிழ் வணிகரின் வழித்தோன்றலான மலாக்காச் செட்டிகள் தமிழை மறந்து மலாய் பேசுகிறார்கள்; ஆனால் பொங்கலை மறக்கவில்லை. அவர்கள் 1781-இல் எழுப்பிய பொய்யாத விநாயகர் கோவில் இன்றும் வழிபாட்டிலுள்ளது.

புனித பவுல் குன்றின்மேல் கூரையற்று நிற்கும் ஆலயத்தில் நாம் நெடுநேரம் நின்றோம். 1521-இல் அன்னைமரிக்கு எழுப்பப்பட்ட சிற்றாலயம் அது. முத்துக்குளித்துறையில் பரதவரிடையே உழைத்து, 1545-இல் மயிலாப்பூரில் தோமையார் கல்லறையருகே நான்கு மாதம் செபித்துவிட்டு, புனித சவேரியார் கப்பலேறி வந்தடைந்தது இந்த மலாக்காவுக்கே. 1552 டிசம்பரில் சீனக் கரையோரம் உயிர்நீத்த அவரது உடல், மறு ஆண்டில் இங்கே கொண்டுவரப்பட்டு, சில மாதம் இவ்வாலயத் தரையில் அடக்கம் செய்யப்பட்டிருந்தது. பிறகுதான் கோவா சென்றது. கம்பிவலை மூடிய அந்த வெற்றுக் குழிக்குள் பயணிகள் நாணயங்களை எறிந்திருந்தார்கள். வெளியே நிற்கும் அவரது திருச்சுருபத்துக்கு வலக்கை இல்லை. மரக்கிளை விழுந்து உடைந்ததாம். புனிதரின் மெய்யான வலக்கை 1614-இல் பிரிக்கப்பட்டு உரோமைக்கு அனுப்பப்பட்டதை அறிந்தோர் அச்சுருபத்தைக் கண்டு ஒரு கணம் பேச்சிழப்பர்.

போர்த்துக்கீசியர் விட்டுச்சென்ற வழித்தோன்றல்கள் ஊஜோங் பாசீர் கடலோரத்தில் வாழ்கிறார்கள். டச்சு ஆட்சியில் ஒடுக்கப்பட்டும் மறையை விடாதவர்கள். 1710-இல் எழுந்த புனித பேதுரு ஆலயம் அவர்கள் சான்று. ஏழை மீனவராய்ச் சிதறிக் கிடந்த அவர்களுக்காக, பிரெஞ்சுக் குரு ஒருவரும் போர்த்துக்கீசியக் குரு ஒருவரும் அரசிடம் மன்றாடியதன் பயனாய் 28 ஏக்கர் நிலம் கிடைத்து, 1930-களில் குடியிருப்பு எழுந்தது. அதை அவர்கள் தம் கிறிஸ்தாங் மொழியில் 'பாதிரியார் நிலம்' என்றே அழைக்கிறார்கள். நமக்குள் ஒரு சிறு பெருமை எட்டிப்பார்த்ததை மறைக்கவில்லை. அங்கே கிறிஸ்துமஸ் மறுநாள் மிஞ்சிய இறைச்சியெல்லாம் சேர்த்து, கடுகும் காடியும் மிளகாயும் இட்டுச் சமைக்கும் 'தெபால்' கறி புகழ்பெற்றது. ஆங்கிலத்தார் அதைச் 'சாத்தான் கறி' ஆக்கிவிட்டார்கள். 'சுகீ' என்றொரு பண்டிகைக் கேக்கும் உண்டு; வேறொன்றுமில்லை, நம் ரவையேதான்.

ஆனால் கரையில் நின்ற முதியவர் ஒருவர் காட்டியது கறியை அன்று. கடலை மண்ணிட்டு நிரப்பிக்கொண்டே போகிறார்கள். முழங்காலளவு நீரில் வலை தள்ளிச் சிற்றிறால் அள்ளிய இடம் இப்போது தரை. அந்த இறாலில்தான் அவர்கள் உணவின் உயிரான பெலாச்சானும் சிஞ்சாலோக்கும் செய்யப்படுகின்றன. ஜூன் 29-இல் புனித பேதுரு திருநாளன்று படகுகளை அலங்கரித்து மந்திரிக்கிறார்கள். மீன்பிடிப்போரோ ஆண்டுக்கு ஆண்டு குறைகிறார்கள். மொழியும் தேய்கிறது. பெயர்த்தியிடம் அவர் கிறிஸ்தாங்கில் ஏதோ கேட்டார். அவள் ஆங்கிலத்தில் மறுமொழி சொன்னாள்.

பினாங்கிலிருந்து புறப்பட்டபோது அந்தப் பிள்ளை ஐம்பது வெள்ளித் தாளை நம் கையில் திணித்து, "மலாக்காவில நல்ல கருப்பட்டி கிடைக்குமாம் சாமி. அம்மாவுக்கு வாங்கிட்டுப் போங்க" என்று சொல்லியிருந்தான். மலாக்காச் சந்தையில் பனையோலையில் கட்டிய உருளைகள் ஆறு வாங்கி, பெட்டியின் அடியில் வைத்தோம்.

ஊர் திரும்பிய அன்று மாலையே தாய் வந்துவிட்டார். கடன் தீர்ந்த செய்தியைச் சொன்னோம். திருவிழாவுக்குப் போனதைச் சொன்னோம். கேட்டுக்கொண்டார். பொட்டலத்தை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு, "அதெல்லாம் சரி சாமி. அவன் அங்கே என்ன சாப்பிடுறான்?" என்றார்.

கூட்டம் ஓய்ந்த பிற்பகல் நான்கு மணிக்கு, சட்டிகளின் அடியில் மிஞ்சிய குழம்புகளைக் கலந்து, பின்கட்டு வாசற்படியில் அமர்ந்து அவன் உண்டதைக் கண்டிருந்தோம். கண்டவாறே சொன்னோம். மீன் இருந்ததா என்று கேட்டார். இருந்தது என்றோம். வயிறு நிறையச் சாப்பிட்டானா என்று கேட்டார். இரண்டாம் முறையும் சோறு போட்டுக்கொண்டான் என்றோம். அவர் ஓலையைப் பிரித்து, ஓர் உருளையின் முனையைக் கல்லில் தட்டி உடைத்து, ஒரு துண்டைத் தம் வாயிலும் ஒரு துண்டை நம் கையிலும் வைத்தார்.

"நம்ம கருப்பட்டிதானே சாமி இது" என்றார்.